படம் முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவிடாதீர்கள்

பத்திராதிபர் அவர்களுக்கு,

சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் எழுதியிருந்த வாசகர் ஒருவர், போரையும் இடப்பெயர்வையும் வைத்துப் படம் எடுப்பவர்கள் காய்ந்துவரும் புண்ணைக் கீறுகிறார்களே தவிர ஆற்றுவதில்லை என்றும், பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர்களுக்குச் சினிமா எதற்கு என்றும் கேட்டிருந்தார். முதற் கேள்வி நியாயமானது. என் அனுபவத்தை வைத்து அதற்குப் பதில் சொல்லத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். இரண்டாவது கேள்விக்கு, படிப்பித்துக்கொண்டே படமெடுத்த இருவரின் வேலையைச் சொன்னாலே போதுமானது.

முதலாமவர் தர்மசேன பத்திராஜ. 1943இல் கண்டிப் பக்கத்தில் பிறந்து, பேராதனையில் படித்து, எழுபதுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 2018 ஜனவரியில் காலமானார். வேலையில்லாத நகரத்து இளைஞரையும் கரையோர மீனவரையும் சிங்களத் திரையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திய அவர், 1977இல் ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை யாழ்ப்பாணத்தில் எடுத்தார். சீதனம் சேராததால் மூத்தவள் கலியாணமின்றி வீட்டிலிருக்க, இளையவள் சாதி மாறிக் காதலிக்கிறாள். அந்தக் காதலுக்கு அவளுடைய உயிர் விலையாகிறது. எங்கள் வீடுகளுக்குள் எல்லோருக்கும் தெரிந்தும் வெளியே ஒருவரும் பேசாத விடயத்தை, வேற்று மொழிக்காரர் ஒருவர் எங்கள் மொழியிலேயே பேசவைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நாட்டில் இனக்கலவரம் வெடித்தது. யாழ்ப்பாண வளாகத்தில் படித்த சிங்கள மாணவர்கள் தெற்குக்குத் திரும்பிப் போனார்கள். அந்த ஆண்டில் வெளிவந்த படம் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அதை எடுப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பது விளங்கும்.

படம் தியேட்டரில் நின்றுபிடிக்கவில்லை. ‘சிங்களவர் வந்து எங்கள் சாதியைப் படம் பிடிப்பதோ’ என்ற பேச்சு அப்போது என் காதிலும் விழுந்தது. நான் அன்று உயர்தர வகுப்பு மாணவன். பொன்மணிக்குப் போகாமல் எம்.ஜி.ஆர். படத்துக்கு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதே பத்திராஜ பிற்காலத்தில், போர் இன்னும் முடிந்திராத வேளையில், வடபகுதி ரயில் பாதையைத் தேடிப் போகும் ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். கொழும்பிலிருந்து வடக்குக்கு 1956இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி ரயில் 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றுபோனது. மீண்டும் வந்தது 2014 ஒக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் எங்கள் ஊர்த் தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட்டன. பாதை இருந்த மேட்டில் இடம்பெயர்ந்த சனம் கொட்டில் போட்டுக் குடியிருந்தது. 1990இல் பிறந்த என் மகள் கொடிகாமத்தில் ரயில் ஓடுவதைத் தன் 24ஆம் வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். ரயில் வண்டி என்பது இரு பக்கத்தாரும் ஒரே பெட்டிக்குள் இருந்து, ஒரே வடையைக் கடித்து, ஒருவர் தோளில் மற்றவர் தூங்கி விழுந்த இடம் என்பதை அவளுக்குச் சொல்லி விளங்கவைக்க என்னால் முடியவில்லை. ஒரு படம் அதைச் செய்யக்கூடும். இப்படிப்பட்ட நினைவைக் காப்பாற்றித் தருவதும் புண்ணாற்றும் வேலையில் ஒரு பங்கு என்று நான் எண்ணுகிறேன்.

இரண்டாமவர் சுமதி சிவமோகன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியர், கவிஞர், நாடகக்காரர், தன் படங்களைத் தானே பாடுபட்டு எடுத்த சுயாதீன இயக்குநர். அவருடைய தமக்கை, யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பது நாடறிந்த செய்தி. அப்படி ஒரு இழப்பைச் சுமப்பவர் தன் வீட்டுத் துயரத்தோடு மட்டும் நின்றிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ மற்றவர்களின் துயரங்களைத் தேடிப் போனார். 2013இல் வந்த ‘இங்கிருந்து’, தோட்டங்களில் வேலைசெய்ய இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழரைப் பற்றியது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு பிரிக்கப்பட்ட அந்த மக்களை, வடக்கிலுள்ள நாங்கள் எந்தப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு வந்தோம் என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லை அச்சில் எழுத எனக்கு மனமில்லை. தமிழர் என்ற சொல்லுக்குள் யார் யாரை நாங்கள் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று எங்களையே கேட்கவைக்கும் படம் அது.

பிறகு 2017இல், சிங்களத் திரையிசையில் வாழ்ந்த தமிழ் இசைக்கலைஞர் ஒருவரின் குடும்பத்தை வைத்து அவர் எடுத்த படத்தில், தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் வருகிறது. இதன் பின்புலத்தை இளம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 1947இல் திரைக்கு வந்த முதலாவது சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். அந்தத் திரையுலகில் தமிழரும் முஸ்லிம்களும் இசையமைத்தார்கள், பாடினார்கள், படம் பிடித்தார்கள், வெட்டி ஒட்டினார்கள். 1983இல் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. சிங்களப் படங்களை இயக்கிவந்த கே. வெங்கட் கொல்லப்பட்டார். இந்த வரலாற்றைச் சிங்களப் பார்வையாளருக்கு அவர்களுக்குப் பழக்கமான திரைப்பாடல்களின் வழியாகவே சொல்ல ஒருவர் முயன்றிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது. ஆணைக்குழு அறிக்கையைக் கையில் எடுக்காதவரும் பாட்டைக் கேட்பார்.

ஆணைக்குழுக்களை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. போருக்குப் பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வந்தது. மக்களிடம் நேரிற் சென்று கருத்துக் கேட்ட கலந்தாலோசனைச் செயலணியின் அறிக்கை 2017 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. அந்த அமர்வுகளில் வாய்திறந்து பேசிய தாய்மாரை நான் அறிவேன். பேசிவிட்டு வீடு திரும்பியவர்களுக்கு, தாங்கள் சொன்னதை அயலில் உள்ளவர் கேட்டாரா, தெற்கில் உள்ளவர் கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. சாட்சியம் கோவைக்குள் போகிறது. திரையில் அது மறுபடி சனத்தின் நடுவில் வருகிறது.

புண்ணைக் கீறுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கடந்த ஆண்டு எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலரும் நாங்களும் சேர்ந்து மாதத்துக்கு ஒரு படம் போடுவது என்று தொடங்கினோம். புரொஜெக்டர் இரவல், திரைக்குப் பதிலாக வெள்ளை வேட்டிகள் இரண்டை மூட்டித் தைத்துக் கட்டினோம், கலியாண வீட்டுக்கு வாடகைக்குக் கொடுக்கும் பிளாஸ்ரிக் கதிரைகள் நாற்பது. முதற் படம் பொன்மணி. மாணவன் ஒருவன் எங்கேயோ தேடிக் கொண்டுவந்த பிரதியில் கோடுகளும் புள்ளிகளும் மழைபோல் பெய்தன. சில இடங்களில் உரையாடல் கேட்கவில்லை.

பார்க்க வந்தவர்களில், போரில் இரு கண்களையும் இழந்த ஒருவர் இருந்தார். கண் தெரியாதவர் படத்துக்கு ஏன் வருகிறார் என்று வாசலில் யாரோ மெதுவாகக் கேட்டது அவருக்கும் கேட்டிருக்கும். அவருடைய தமக்கையின் மகள், பதினான்கு வயதுப் பிள்ளை, பக்கத்தில் இருந்து ஒவ்வொரு காட்சியாக அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்: ‘இப்ப கிணத்தடி மாமா, அக்கா துலாவைப் பிடிச்சபடி நிக்கிறா, தண்ணி அள்ளேல்லை, வேலிக்கு அங்கால பாக்கிறா.’ முதலில் முன்வரிசையிலிருந்து ‘உஸ்’ என்று சத்தம் வந்தது. பத்து நிமிடம் போனபின் முன்வரிசைக்காரர்களே சற்றுப் பின்னால் சாய்ந்து அவள் சொல்வதைக் கேட்கத் தொடங்கினார்கள். ஒலி மங்கிய பிரதிக்கு அவள்தான் துணையானாள். இந்தியாவிலும் மேலை நாடுகளிலும் பார்வையற்றோருக்காகப் படங்களுக்குத் தனி வருணனை ஒலி சேர்ப்பதாக வாசித்திருக்கிறேன். போர் இத்தனை பேரின் பார்வையையும் செவியையும் பறித்த எங்கள் மண்ணில் அதைப் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. சினிமாவில் எல்லோரையும் உள்வாங்குவது என்பது கதைக்குள் யார் வருகிறார்கள் என்பதோடு முடிந்துவிடாமல், கதிரையில் யார் வந்து இருக்க முடிகிறது என்பதையும் சேர்த்ததாக வேண்டும்.

அன்று வந்திருந்த இன்னொருவர், இங்குள்ள பாடசாலையொன்றில் சிங்களம் கற்பிக்கும், குருநாகல் பக்கத்து இளம் ஆசிரியை. பிரதியில் ஆங்கில உபதலைப்பு மட்டுமே இருந்தது. படம் முடிந்ததும் அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: ‘எங்கட டைரக்டர் எடுத்த படத்தை நான் இங்கிலிஷில வாசிச்சுத்தான் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கு, சேர்.’ 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிய நாட்டில், ஒரு மொழிக்காரர் மற்ற மொழிப் படத்தை மூன்றாவது மொழியில் வாசிக்கிறார்.

அடுத்த மாதம், 1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் திரும்பி வருவதைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் போட்டோம். வில்பத்தை அண்டிய முசலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றை வைத்துச் சுமதி சிவமோகனும் அப்படி ஒன்றை எடுத்திருக்கிறார். 1990 ஒக்டோபரில் நடந்ததை நாங்கள் யாவரும் அறிவோம். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே சாவகச்சேரி முஸ்லிம்கள் போய்விட்டார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டோம். எவரும் எழும்பவில்லை, எவரும் பேசவுமில்லை. தேநீர் வந்தது. பேச்சைத் தொடக்கிவைக்கும் பொறுப்பு என்னுடையது என்பதால் ஏதாவது சொல்லவேண்டுமே என்று எழும்பி, ஆயத்தம் செய்திருந்த குறிப்பை விட்டுவிட்டு, முப்பத்தைந்து வருடமாக என் மனைவிக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில், நானா என்று நாங்கள் அழைத்த முஸ்லிம் தையற்காரர் ஒருவரிடம்தான் நான் சட்டை தைப்பித்து வந்தேன். அந்த மாதம் இளநீலத் துணி ஒன்றைக் கொடுத்து அளவும் கொடுத்திருந்தேன். அவர்கள் போன நாளில் நான் வீதியில்தான் நின்றேன். அவர் என்னைக் கண்டார். கையில் ஒரு பையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாகப் போனவர், ‘மாஸ்டர், துணி கடையில இருக்கு’ என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. துணியை எடுக்கவும் போகவில்லை.

இதைச் சொன்னபின்தான் மண்டபத்தில் வாய்கள் திறந்தன. பக்கத்து வீட்டு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்ததை ஒருவர் சொன்னார். பூட்டிய வீட்டின் கதவு நிலையைக் கழற்றி விற்றவர்களின் பெயர் தனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்றார் ஒரு மூதாட்டி. 1995 ஒக்டோபர் 30இல் போரால் வலிகாமம் முழுவதும் எங்கள் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து வந்தபோது, செம்மணி வெளியில் மழைக்குள் நின்றபடி, ‘இது அவர்களுக்குச் செய்ததற்குத்தான்’ என்று தன் தகப்பன் சொன்னதாக ஒரு பெண் சொன்னார். அந்தக் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அப்படியொரு எண்ணம் எங்களுக்குள் இத்தனை காலம் கிடந்திருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒன்றேகால் மணித்தியாலப் படத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பேச்சு நடந்தது. கதிரைக்காரப் பெடியன் நேரமாகிறது என்று வந்து, வெறுங்கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். பிறகு தானும் ஒன்றில் இருந்துவிட்டான்.

ஆகவே அந்த வாசகருக்கு என் பதில்: படம் கீறத்தான் செய்கிறது. கீறிவிட்டு விளக்கைப் போட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினால் அவர் சொன்னதுதான் நடக்கும். ஆற்றுவது பிறகு நடக்கும் பேச்சு. இது எங்களுக்குப் புதிதுமன்று. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் ஊர் ஊராக ஆடப்பட்ட காலத்தில், நாடகத்தைப் பார்த்த சனம் கலையாமல் நின்று கதைத்ததைக் கண்டவன் நான், கலாநிதி க. சிதம்பரநாதனும் அவருடைய குழுவினரும் அரங்கை மனக்காயத்துக்கான ஆற்றுப்படுத்தலாகவே வளர்த்தெடுத்தவர்கள். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் ‘மனவடு’ என்ற சொல்லை எங்களுக்குத் தந்து, ஒரு சமூகம் முழுவதுமே காயப்பட்டிருக்கலாம் என்பதை விளக்கியிருக்கிறார்கள். அரங்கு அறிந்த வழியில்தான் சினிமாவும் இப்போது நடக்கிறது. அரங்குக்கு நடிகர் குழுவும் ஒத்திகையும் வேண்டும். படத்துக்கு ஒரு வேட்டியும் மின்சாரமும் போதும் என்பது மட்டுமே வித்தியாசம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லவேண்டும். படம் மருத்துவத்துக்கு ஈடாகாது. எங்கள் இரண்டாம் திரையிடலில் ஒரு பெண் இடையில் எழும்பி வெளியே போய், வேலியைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றார். நல்லகாலம், உளவளத்துணை பயின்ற ஒருவர் தற்செயலாக வந்திருந்தார். அன்றிலிருந்து, அப்படி ஒருவர் வர உறுதிசெய்யாமல் நாங்கள் படம் போடுவதில்லை. என்ன படம், அதில் என்ன வரும் என்பதையும் முன்கூட்டியே பலகையில் எழுதிப் போடுகிறோம்.

மறைப்பதாலும் காயம் ஆறாது. 2018இல் யாழ்ப்பாணத்துத் திரைப்பட விழாவொன்றில், போராட்ட இயக்கங்களை விமர்சித்த ஆவணப்படம் ஒன்று எதிர்ப்பின் பின் நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் படத்தின் வாதத்தோடு எனக்கும் பிணக்கு உண்டு. பிணங்குவதற்காவது பார்த்திருக்க வேண்டுமே என்பதுதான் என் குறை.

இனித் தங்கள் பத்திரிகை மூலம் உரியவர்களிடம் கேட்பது. பொன்மணியின் நல்ல பிரதி ஒன்றை, கோடு நீக்கி, ஒலி திருத்தி, மூன்று மொழி உபதலைப்போடு பல்கலைக்கழக நூலகங்களுக்குத் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம் கொடுக்க முடியுமா? 1983இல் எரிந்ததை இனி மீட்க முடியாது. எரியாமல் மிஞ்சியதைக் கறையான் தின்ன விடக்கூடாது. நல்லிணக்கத்துக்கென ஒதுக்கும் பணத்தில் பதாகைக்கும் மேடை அலங்காரத்துக்கும் போவதில் சிறு பங்கு, உபதலைப்பு எழுதும் இளையவர்களுக்கும் பார்வையற்றோருக்கான வருணனை ஒலிக்கும் போகலாம். பல்கலைக்கழகங்கள், படமெடுக்கும் விரிவுரையாளரின் படத்தை ஆய்வுக் கட்டுரைக்குச் சமமாகக் கணக்கில் எடுக்கவேண்டும். இன்றைய நிலையில் அவர்கள் விடுமுறையையும் சொந்தச் சம்பளத்தையும் செலவழித்தே எடுக்கிறார்கள். எடுத்த படங்கள் கொழும்பிலும் வெளிநாட்டு விழாக்களிலும் ஓடுகின்றன. யாருடைய கதையோ அவர்களின் ஊருக்கு வருவதில்லை. பிரதேச செயலக மண்டபங்களை மாதத்தில் ஒரு மாலை இதற்குத் தரவேண்டும். தரும்போது, படம் ஓடும் நேரத்துக்கு மட்டுமன்றி அதன் பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கும் சேர்த்துத் தரவேண்டும்.

கடைசியாகச் சொன்னதை அனுபவத்தால் சொல்கிறேன். அந்த இரவு மண்டபத்தில் இருந்த ஒருவர் வழியாக, நானாவின் மகனுடைய தொலைபேசி இலக்கம் எனக்குக் கிடைத்தது. அன்று இடுப்பில் இருந்த பிள்ளை அவர்தான். புத்தளத்தில் அவரும் தையற்கடை வைத்திருக்கிறார். தகப்பனார் காலமாகி எட்டு வருடமாம். அடுத்த திரையிடலுக்கு வருகிறேன் மாஸ்டர், நாள் குறித்ததும் சொல்லுங்கள் என்றார். சனசமூக நிலையத்தில் இடம் போதாது என்பதால் பெரிய மண்டபம் ஒன்றைக் கேட்டு விண்ணப்பித்து மூன்று மாதமாகிறது. இரவு எட்டு மணிக்குப் பிறகு மண்டபத்தைத் திறந்து வைத்திருப்பது யார் பொறுப்பு என்ற கேள்வியில் விண்ணப்பம் நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தென்மராட்சி.